ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைக்கும் முன்

வடலூர்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ சி மொழி படிக்கத் தொடங்கியிருப்பதாகவும், நம் கொல்லை மோட்டாருக்கு நீயே ஒரு தானியங்கி ஸ்டார்ட்டர் செய்து தரப் போவதாகவும் உன் அப்பா சொன்னான். நீ எழுதிய நிரலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணே, இது சரியா வருமா பாருங்க" என்றான். பார்த்தேன். போனில் பேசினால் நீ "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் நிரலில் எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு லைப்ரரி, திரைக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று, மின்னழுத்தம் அளக்க இன்னொன்று. நடுவில் நீ எழுதியது பத்து வரி இருக்கலாம். அடுத்தவர் எழுதியதை எடுத்தாள்வது குற்றமில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் கொல்லையில் இருக்கும் பெட்டி ராத்திரி பதினோரு மணிக்கு நின்றுபோனால், எங்கே நின்றது என்று உனக்குத் தெரிய வேண்டும். இப்போதைக்கு உனக்குத் தெரியாது. கேட்டால் நிரல் எழுதித் தரும் செயலிகள் வந்துவிட்டதால் இந்தச் சிக்கல் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. எனவே அந்த நிரலை இந்த அரையாண்டு ஓரமாக வை. லைப்ரரி இல்லாமல் ஒரே ஒரு விளக்கை எரியவிடுவதிலிருந்து தொடங்கு.

உன்னிடம் இருக்கும் ஆர்டுயினோ உனோ போர்டில் ஏடிமெகா328பி என்ற சிப் உட்கார்ந்திருக்கிறது. நிரலுக்கு 32 கிலோபைட் இடம், ஓடும்போது வேலை செய்ய 2 கிலோபைட் ராம், அவ்வளவுதான். உன் போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. இவ்வளவு சின்ன இடத்துக்கு சி ஏன் பொருந்துகிறது என்றால், அது பிறந்ததே சின்ன இயந்திரத்தில்தான். 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி அதை உருவாக்கியபோது அவர் கையில் இருந்த கணினியின் நினைவகம் இன்றைய கணக்கில் ஒன்றுமேயில்லை.

கல்லூரியில் சொல்லித்தரும் சி கணினித் திரைக்கானது. பெயரைக் கேட்கும், கூட்டிக் காட்டும், முடிந்துவிடும். உன் சிப்பில் திரையும் இல்லை, முடிவும் இல்லை. மின்சாரம் இருக்கும்வரை ஒரு வைல் வளையத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். வள்ளலார் இங்கே வடலூரில் 1867-ல் ஏற்றிய தர்மசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை அல்லவா, அந்த மாதிரி. ஒரு வாரம் கழித்து எது நிரம்பும், எது தேயும் என்று இப்போதே யோசித்து எழுத வேண்டியிருப்பது இதனால்தான்.

முதலில் ரிஜிஸ்டர், அதாவது சிப்பின் பின் என்னும் கால்களை ஆளும் எட்டு பிட் இடம். உனோவின் 13-ஆம் பின்னோடு ஒரு விளக்கு போர்டிலேயே இருக்கிறது. அந்தப் பின் சிப்புக்குள் பி என்ற போர்ட்டின் 5-ஆம் பிட். பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொள். டிடிஆர்பி என்ற ரிஜிஸ்டரில் அந்தப் பிட்டை 1 ஆக்கினால் பின் வெளியே பேசத் தயாராகும். போர்ட்பி-யில் 1 ஆக்கினால் விளக்கு எரியும். போர்ட்பி-யில் 32 என்று எழுதினாலும் எரியும்தான். ஆனால் நீ 8-ஆம் பின்னில் மோட்டாரைப் போடும் ரிலேயை வைத்திருக்கிறாய். அதுவும் இதே போர்ட், 0-ஆம் பிட். 32 என்று மொத்தமாக எழுதினால் அந்தப் பிட் பூஜ்யமாகிவிடும். விளக்கு எரியும், மோட்டார் நின்றுவிடும். கடையில் கிடைக்கும் பல ரிலே போர்டுகள் நேர்மாறானவை, 0 கொடுத்தால்தான் இழுக்கும். அப்படிப்பட்டதாக இருந்தால் நிற்க வேண்டிய மோட்டார் ஓடத் தொடங்கும். அதனால் மற்றப் பிட்டுகளைத் தொடாமல் ஒன்றை மட்டும் ஏற்ற 'ஆர்', இறக்க 'அண்ட்'டும் 'நாட்'டும். இந்த மூன்றையும் காகிதத்தில் எட்டுக் கட்டம் போட்டுச் செய்து பார். கை பழகும்வரை போர்டைத் தொடாதே.

அடுத்தது எண்ணின் அளவு. இதில்தான் உன் நிரல் படுத்துவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கரண்டு வந்ததும் 40 நொடி காத்திருந்து மோட்டாரைப் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நல்ல யோசனை. கரண்டு வந்த நொடியில் அக்கம்பக்கத்துக் கொல்லை மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும். ஆனால் காத்திருக்கும் நேரத்தை இன்ட் என்ற வகையில் 40000 மில்லிநொடி என்று வைத்திருக்கிறாய். உன் கல்லூரிக் கணினியில் இன்ட் 32 பிட், அங்கே இது சரிதான். உனோவில் இன்ட் வெறும் 16 பிட். அதில் அடங்கும் பெரிய எண் 32767. நாற்பதாயிரம் அதில் போய் உட்கார்ந்தால் மைனஸ் 25536 ஆகிவிடும். அதோடு முடியவில்லை. நீ அழைக்கும் டிலே செயல்பாடு குறியில்லாத 32 பிட் எண்ணைத்தான் வாங்கும். மைனஸ் 25536 அதற்குள் போனால் 429,49,41,760 ஆக மாறும். அத்தனை மில்லிநொடி என்பது ஏறத்தாழ 49.7 நாள். நாற்பது நொடியில் போட வேண்டிய மோட்டாரை உன் பெட்டி ஒன்றரை மாதம் கழித்துத்தான் போடும். நெல் நாற்று அவ்வளவு நாள் பொறுக்காது.

பெரிய வகையில் வைத்தால் போதுமே என்பாய். 40-ஐ 1000-ஆல் பெருக்கி அன்சைன்ட் லாங்கில் வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் பெருக்கல் நடப்பது இன்ட்டில். வழிந்த பிறகுதான் பெரிய பாத்திரத்துக்கே வருகிறது. 40-க்குப் பின்னால் யு, எல் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் பெருக்கலே பெரிய அளவில் நடக்கும். இன்ட் என்று எழுதும் பழக்கத்தையே விட்டுவிட்டு, எத்தனை பிட் என்று பெயரிலேயே சொல்லும் வகைகளைப் பயன்படுத்து. இதைவிட முக்கியமான ஒன்று: ஆர்டுயினோ மென்பொருளின் அமைப்புகளில் கம்பைலர் வார்னிங் என்று ஓர் இடம் இருக்கிறது. தானாக அது அணைந்தே இருக்கும். எல்லாவற்றையும் காட்டு என்று மாற்று. இந்த 40000 தப்பைக் கம்பைலரே சொல்லியிருக்கும், நீ அதன் வாயைக் கட்டி வைத்திருக்கிறாய்.

அப்பாவுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் போக வேண்டும் என்று வைத்திருந்தது எனக்குப் பிடித்தது. அவனுக்கு அதுதான் வசதி. ஆனால் கணக்குப் பார். நிரலில் 'மோட்டார்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு நாலு எழுத்து. கணினிக்கு அது எட்டுக் குறி, குறிக்கு மூன்று பைட்டாக 24 பைட். இந்தச் சிப்பில், நீ வேறாகச் சொல்லாவிட்டால், வாக்கியங்கள் எல்லாம் ராமில் வந்து உட்காரும். பத்து நீள வாக்கியம் வைத்தால் 2 கிலோபைட்டில் பாதிக்கு மேல் போய்விடும். பிறகு நிரல் காரணமில்லாமல் தடுமாறும், நீ ரிலேயைக் குறை சொல்வாய். வாக்கியங்களை நிரல் இருக்கும் ஃபிளாஷிலேயே விட்டுவைக்க வழி இருக்கிறது, தேடிப் படி. தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 குறிகள்தான் அடங்கும் என்பதையும் நினைவில் வை. "மோட்டார் நின்றது. தண்ணீர் இல்லை" போதும். வணக்கம், அன்புடன் எல்லாம் வேண்டாம்.

மோட்டார் ஓடிய நேரத்தை ஒவ்வொரு நொடியும் ஈஈபிராமில் எழுதுகிறாய். அந்த நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் தயாரிப்பாளர் உத்தரவாதம் தருவது ஒரு லட்சம் முறை எழுதுவதற்குத்தான். ஒரே இடத்தில் நொடிக்கு ஒருமுறை எழுதினால் 28 மணி நேரத்துக்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். மோட்டார் நிற்கும்போது ஒருமுறை எழுது. கரண்டு போனால் அந்த ஓட்டத்தின் கணக்கு தொலையும், தொலையட்டும்.

இன்டரப்ட், வாலடைல், வாட்ச்டாக் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. அவற்றை அந்தந்த நேரத்தில் கற்றுக்கொள்ளலாம், இப்போது மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. சுவிட்ச் ஒன்றை அழுத்தினால் சிப் ஏன் பலமுறை அழுத்தியதாக எண்ணுகிறது என்பதை மட்டும் நீயே வைத்துப் பார்த்துவிடு. பார்த்தால்தான் நம்புவாய்.

சிப்பின் டேட்டாஷீட் பல நூறு பக்கம், இங்கிலீஷ். பயப்படாதே, யாரும் முழுக்கப் படிப்பதில்லை. போர்ட் பற்றிய அத்தியாயம், டைமர் ஒன்று, கடைசியில் வரும் ரிஜிஸ்டர் அட்டவணை. படித்ததை உன் தமிழில் நோட்டில் எழுது. எழுத்தாளர் சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்துக்காக வேலை பார்த்தவர். அவர்தான் சிலிக்கன் சமாசாரத்தைப் பத்திரிகைத் தமிழில் எங்களுக்கெல்லாம் புரியவைத்தார். ஆகவே தமிழில் எழுத வராது என்று சொல்லாதே.

சி பழசு, பைத்தான் படி என்று உன் தோழிகள் சொல்வதாக அப்பா சொன்னான். அதையும் படி, நல்ல மொழிதான். ஆனால் சென்னை ஐஐடியில் சக்தி என்று சொந்தமாகப் பிராசசர் வடிவமைத்தார்களே, அது மாதிரிச் சிப்பின் மேல் முதலில் ஓடும் நிரலைப் பெரும்பாலும் சி-யில்தான் எழுதுகிறார்கள். பைத்தான் மாதிரி மொழிகள் ஓடுவதற்கு முன் அடியில் ஒருவர் பிட்டை ஏற்றி இறக்கியாக வேண்டும். அந்த வேலைக்கு ஆள் குறைவு என்பது என் எண்ணம்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று. நம் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருப்பது மூன்று பேஸ், 415 வோல்ட். அதைத் திறக்காதே. உன் அப்பா பக்கத்தில் நின்றாலும் திறக்காதே, அவனுக்கும் தெரியாது. ரிலேயில் 12 வோல்ட் பல்பு மாட்டி, அதுதான் மோட்டார் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சோதி. தண்ணீர் வற்றினால் அணைய வேண்டும். ஒரு பேஸ் போனாலும் அணைய வேண்டும். கரண்டு போய் வந்தால் 40 நொடியில் எரிய வேண்டும். வேண்டுமென்றே இடையிடையே கரண்டைப் பிடுங்கிப் பார். இப்படி ஒரு மாதம் பிசகாமல் ஓடினால் வயர்மேனை நானே கூட்டி வருகிறேன். அவர் மெயினை இறக்கிவிட்டு இணைக்கட்டும், நீ பார்த்துக் கற்றுக்கொள். ஏற்கெனவே இருக்கும் ஓவர்லோடு ரிலேயும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் அப்படியே இருக்கும். உன் பெட்டி அவற்றுக்கு மேல் ஒன்றுதானே தவிர, அவற்றுக்குப் பதில் அல்ல.

தைப்பூசத்துக்கு வரும்போது போர்டையும் நோட்டையும் எடுத்து வா. பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது, போர்டைப் பைக்கு அடியில் போட்டுவிடாதே. மல்டிமீட்டர் வாங்க வேண்டாம், என்னுடையதைத் தருகிறேன். பாட்டரி மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

அன்புடன்,
பெரியப்பா