காரை நிறுத்தச் சொல்லுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

அறுபதாம் கல்யாணம் முடிந்த அப்பாவையும் அம்மாவையும் ராஜஸ்தானுக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறீர்கள். டிரைவரோடு நல்ல கார், இரவுக்கு அரண்மனை விடுதிகள், ஏழே நாளில் டெல்லி, ஜெய்ப்பூர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், உதய்பூர் என்று பயண நிறுவனம் போட்டுத் தந்த திட்டத்தையும் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள். இவ்வளவு பணம் போட்டுப் போகலாமா, அம்மாவின் முழங்கால் தாங்குமா என்று கேட்கிறீர்கள். வேறு சிலருக்கும் இதே யோசனை இருப்பதால் பதிலை எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போகலாம். கட்டாயம் போங்கள். ஆனால் அந்தத் திட்டப்படி போகாதீர்கள்.

அதில் பணம் முழுக்க இரவுக்குப் போகிறது. பகல் முழுக்க ஓட்டத்திலேயே தீர்ந்துவிடுகிறது. ஜெய்ப்பூரிலிருந்து ஜெய்சல்மேர் 550 கிலோமீட்டருக்கு மேல். விடியலில் கிளம்பினாலும் இருட்டும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். பெருந்தொகை கொடுத்து எடுத்த அறையில் குளித்துவிட்டுப் படுக்கத்தான் பொழுது இருக்கும். காலையில் மறுபடி பெட்டி கட்ட வேண்டும். நமக்கென்று ஒரு காரும் அதை ஓட்ட ஒருவரும் பயணம் நெடுகக் கூடவே இருப்பதில் உள்ள பெரிய சுகம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்பது. ரயிலில் அது முடியாது, கூட்டமாகப் போகும் பேருந்திலும் முடியாது. நிறுத்தவே நேரம் விடாத திட்டத்துக்கு எதற்குத் தனிக் கார்?

ஆகவே ஜெய்சல்மேரை இந்த முறை விட்டுவிடுங்கள். அதற்கென்று தனியாக ஒருமுறை போகலாம். டெல்லியும் வேண்டாம். விமானத்தில் நேரே ஜெய்ப்பூரில் இறங்கி, ஜோத்பூர், ரணக்பூர் வழியாக உதய்பூர் போய், அங்கிருந்தே ஊர் திரும்புங்கள். ஒன்பது பத்து நாள் ஒதுக்குங்கள். அரண்மனை விடுதி ஒரே ஊரில் இரண்டு இரவு போதும். மற்ற ஊர்களில் விடுதியாக மாற்றப்பட்ட பழைய ஹவேலிகள் இருக்கின்றன. முற்றமும் தாழ்வாரமுமாக, வீட்டுச் சமையலோடு, அப்பா அம்மாவுக்கு அவையே தோதுப்படும். தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். லிஃப்ட் இல்லாத வீடுகள்தான் அதிகம். மிச்சமாகும் பணத்தில் நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கார் பற்றி ஒரு சொல். திட்டத்தில் விலை உயர்ந்த ஜெர்மன் செடானைப் போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்து இறங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தண்டனை. இன்னோவா கிரிஸ்டா கேளுங்கள், கதவோரம் கால் வைக்கப் படி பொருத்திய வண்டியாகக் கேளுங்கள். நான்கு பேரும் பெட்டிகளும் தாராளமாக அடங்கும், கிராமச் சாலையிலும் அடி தட்டாது. வாடகையில் டோல், பார்க்கிங், மாநில பர்மிட், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்தியா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் கணக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி டிரைவர். நீங்கள் கேட்காதது இது, ஆனால் இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

ஜோத்பூரில் ஒரு டிசம்பர் இரவு, பெரிய விடுதி ஒன்றின் பின்பக்கத்தில் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தேன். வரிசையாக நின்ற கார்களுக்குள் டிரைவர்கள் இருக்கையைச் சாய்த்துப் போட்டு, போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துக் குளிர் காலத்தில் இரவு வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழேகூட இறங்கும். மறுநாள் காலை அதே மனிதர்கள் வெள்ளைச் சீருடையில் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தபடி நின்றார்கள். அவர்களை நம்பித்தான் பல குடும்பங்கள் அன்று பகல் முழுவதும் நெடுஞ்சாலையில் போயின. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் வரம்பு வகுத்தது. சுற்றுலாக் காரில் அந்த வரம்பை யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. காலை ஆறு மணிக்குச் சூரியோதயம் பார்க்கவும் அவர்தான், இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுத் திரும்பவும் அவர்தான்.

அதனால் முன்பணம் கட்டும் முன்பு அந்த நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: டிரைவர் எங்கே தூங்குவார்? ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகப் பதில் வாங்குங்கள். சில விடுதிகளில் டிரைவர்களுக்குக் கட்டிலும் குளியலறையும் உள்ள தங்கும் கூடம் உண்டு, சிலவற்றில் இல்லை. இல்லாத ஊரில் பக்கத்தில் ஒரு சிறிய அறை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். உங்கள் செலவில் அது கண்ணுக்கே தெரியாது. ஜெய்ப்பூரில் ஏறும்போது இருந்தவரே உதய்பூர்வரை வர வேண்டும் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஊருக்கு ஊர் ஆள் மாறினால் பழக்கம் விழாது. மாலையில் எங்காவது போக வேண்டுமென்றால் அவரை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். பழைய நகரத்துச் சந்துகளுக்கு ஆட்டோதான் சரி.

முதல் நாளே அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். அப்பாவுக்கு இந்தி வராது என்று கவலைப்பட வேண்டாம், இந்தத் தொழிலில் உள்ளவர்கள் வேண்டிய அளவு ஆங்கிலம் பேசுவார்கள். அப்போதே இதையும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: கம்பளம், நகை, துணிக்கடைகளுக்கு நாங்களாகக் கேட்டால் மட்டும் கூட்டிப் போனால் போதும். சுற்றுலாப் பயணிகளை அழைத்து வருவதற்குக் கடைகள் கமிஷன் கொடுப்பது அங்கே ஊரறிந்த விஷயம். குறைந்த சம்பளத்தை அந்தக் கமிஷனில்தான் பலர் ஈடுகட்டுகிறார்கள், அதற்காக அவர்கள் மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. பயண முடிவில் தாராளமாகத் தருவோம் என்பதை அவருக்கு உணர்த்திவிட்டால், உங்கள் பகல் பொழுதும் மிச்சம், அவருக்கும் மன நிம்மதி. அதன் பிறகு பாருங்கள், வழியில் தெரிந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பிப்பார்.

ஜெய்ப்பூரில் மூன்று இரவு. இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1727-ல் நிறுவிய ஊர் அது. வங்காளத்தைச் சேர்ந்த வித்யாதர் பட்டாச்சார்யா கட்டம் கட்டமாக வகுத்துக் கொடுத்தார். எல்லோரும் ஹவா மஹாலின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், எடுங்கள். ஆனால் ஜந்தர் மந்தருக்கு ஒரு முழுக் காலையை வையுங்கள். அங்கே சாம்ராட் யந்திரம் என்ற சூரியக் கடிகாரம் சுமார் 27 மீட்டர் உயரம். அதன் இரு பக்கமும் வளைந்து ஏறும் பளிங்கு அளவுகோலில் நிழல் நிமிடத்துக்குச் சுமார் 6 சென்டிமீட்டர் நகர்கிறது. அதாவது, நிற்கிறவர் கண் முன்னாலேயே நேரம் ஊர்ந்து போகிறது. இரண்டு விநாடித் துல்லியத்துக்கு நேரம் படிக்கலாம் என்று அளந்து கட்டியிருக்கிறார்கள். அம்மா ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே இதைப் பார்த்துவிடலாம், ஒரு படிகூட ஏற வேண்டாம்.

ஆமேர் கோட்டைக்கு யானைமேல் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெயிலில் கல் பாவிய சரிவில் ஆள்களைச் சுமந்து ஏறி இறங்கும் அந்த மிருகங்களை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தால் உங்களுக்கே மனம் வராது. ஜீப் மேலேவரை போகிறது.

ஜெய்ப்பூர்–ஜோத்பூர் சுமார் 340 கிலோமீட்டர், கிஷன்கட் வரை பளிங்கு லாரிகளின் நெரிசல். அழகான சாலை என்று சொல்ல மாட்டேன். சற்றே விலகிப் போனால் மக்ரானா வரும். தாஜ் மஹாலுக்கும் கல்கத்தா விக்டோரியா நினைவகத்துக்கும் பளிங்கு வெட்டியெடுத்த ஊர். கல்குழியின் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்க்க அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஜோத்பூரின் மேஹ்ரான்கட் கோட்டை நகரத்துக்கு மேலே 120 மீட்டர் உயரப் பாறையில் நிற்கிறது. பயப்படாதீர்கள், உள்ளே லிஃப்ட் இருக்கிறது. அந்த ஊரில் நீங்கள் தவறவிடக் கூடாத இடம் என்று நான் சொல்வது கோட்டையைக்கூட அல்ல. தென்கிழக்கே 25 கிலோமீட்டர் சுமாரில் கேஜர்லி என்றொரு கிராமம். 1730-ல் ஜோத்பூர் மன்னர் அபய்சிங்கின் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டும் என்று ஆட்கள் அங்கே மரம் வெட்ட வந்தார்கள். பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த அம்ருதா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டார். அவரை வெட்டினார்கள், அவர் மகள்களை வெட்டினார்கள். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வந்து வந்து மரங்களைக் கட்டிக்கொள்ள, 363 பேர் செத்தார்கள். அவர்கள் காத்தது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி மரத்தை. நம் பக்கத்தில் பிரகாரத்தில் சுற்றி வந்து கும்பிடும் மரம், அங்கே ஆட்டுக்குத் தழையாகவும் வயலுக்கு நிழலாகவும் மனிதர்களுக்குக் காயாகவும் பாலைவனத்தையே தாங்கி நிற்கிறது. அந்தக் காய்தான் நீங்கள் தினமும் தட்டில் பார்க்கப்போகும் கேர் சாங்ரியில் இருக்கும் சாங்ரி. பிஷ்னோய் கிராமங்களின் வயலோரத்தில் வெளிமான்கள் மனிதர்களுக்கு மிரளாமல் மேயும். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

ஜோத்பூரின் உமைத் பவன் அரண்மனையில் தங்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். 1929-ல் தொடங்கி 1943-ல் முடித்த 347 அறை மாளிகை. பஞ்சத்தில் அடிபட்ட மக்களுக்கு வேலை கொடுக்க மகாராஜா உமைத்சிங் தொடங்கிய கட்டடம், ஆயிரக்கணக்கானவர்களுக்கு வருடக்கணக்கில் கூலி கொடுத்தது. அதில் ஒரு பகுதி அருங்காட்சியகம், சீட்டு வாங்கினால் யாரும் பார்க்கலாம். பார்த்துவிட்டு வாருங்கள், தங்கும் காசை உதய்பூருக்கு வைத்திருங்கள். பயணத்தின் கடைசியில், ஓட வேண்டிய அவசரம் தீர்ந்த பிறகுதான் அப்படிப்பட்ட இடத்தில் உட்கார மனசு வரும். உதய்பூரில் பிச்சோலா ஏரி நடுவில் நிற்கும் ஜக் நிவாஸ், இரண்டாம் ஜகத்சிங் 1746-ல் கட்டி முடித்தது; 1963-லிருந்து விடுதி. மன்னர் மானியம் 1971-ல் ஒழிக்கப்பட்டபோது ராஜஸ்தானத்தில் பல மாளிகைகள் பராமரிக்க வழியில்லாமல் தவித்தன. அவற்றில் பல இன்று இடியாமல் நிற்பது, விருந்தினர் கொடுக்கும் அறை வாடகையில்தான். அந்த வகையில் நீங்கள் தரும் பணம் கெட்ட செலவு அல்ல.

ஜோத்பூர்–உதய்பூர் நேர்வழி சுமார் 250 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்விடலாம், போக வேண்டாம். ரணக்பூரில் ஒரு இரவு தங்குங்கள். பாலி போகும் வழியில் ஓம் பன்னா என்ற இடத்தில் டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைப்பார். 1988-ல் விபத்தில் இறந்த ஒரு இளைஞரின் புல்லட் மோட்டார் சைக்கிளைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். சாலையில் பிழைப்பவர்களின் கோயில் அது. அவர் இறங்கிக் கும்பிட்டு வரட்டும், நீங்களும் இறங்குங்கள்.

ரணக்பூர் சமணக் கோயிலில் சுற்றுலாப் பயணிகளை நண்பகலுக்குப் பிறகே விடுவார்கள். தோல் பெல்ட், தோல் பை கூடாது. பதினைந்தாம் நூற்றாண்டில், ராணா கும்பாவின் காலத்தில், ஆதிநாதருக்காக எழுந்த கோயில். 1444 தூண்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பார்கள். வெள்ளைப் பளிங்கு பிற்பகல் வெயிலில் பொன்னிறம் ஏறுவதைப் பார்க்க, சாயங்காலம் மூடும்வரை அங்கேயே இருங்கள். வாசல் படிகள் கொஞ்சம் செங்குத்து. அம்மா கையைப் பிடித்து நிதானமாக ஏறினால் உள்ளே போன பிறகு உட்கார நிறைய இடம் உண்டு.

மறுநாள் ரணக்பூரிலிருந்து உதய்பூர் வெறும் 90 கிலோமீட்டர். இந்த 90 கிலோமீட்டருக்கு முழுப் பகலையும் கொடுங்கள். உலகின் மிகப் பழைய மலைத்தொடர்களில் ஒன்றான அரவல்லியைக் குறுக்கே கடக்கும் சாலை. சிவப்புத் தலைப்பாகையோடு ராய்க்கா இடையர்கள் மந்தை ஓட்டிக்கொண்டு எதிரே வரக்கூடும். பள்ளத்தாக்கு வயல்களில் இன்னமும் ஒன்றிரண்டு கிணறுகளில் ரஹட் சுற்றுகிறது. நம் கமலையில் மாடுகள் முன்னும் பின்னும் நடக்கும், இங்கே செக்கு மாடு போல வட்டமாகச் சுற்றி வர, சக்கரத்தில் தொடுத்த வாளிகள் வரிசையாக நீர் மொண்டு ஊற்றும். வயல்காட்டில் வளர்ந்தவர் உங்கள் அப்பா என்று எழுதியிருந்தீர்களே, அவரை அங்கே அவசரப்படுத்தாதீர்கள். படம் எடுத்தால் மாடு ஓட்டுகிறவருக்குக் கையில் ஏதாவது கொடுங்கள்; அவர் வேலையை நிறுத்திவிட்டு நமக்காக நிற்கிறார்.

எப்போது போவது? தீபாவளி வாரமும் டிசம்பர் கடைசியும் வேண்டாம், கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிப் புஷ்கர் சந்தை, அஜ்மீர்ப் பக்கம் அறை கிடைக்காது. ஜனவரிக் காலைகளில் ஜெய்ப்பூரை மூடுபனி மூடி விமானங்கள் தாமதமாகும். பிப்ரவரி பின்பாதிக்குச் சொல்லிவையுங்கள். குளிர் விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, அரவல்லிச் சரிவுகளில் புரச மரங்கள் பூக்கத் தொடங்கியிருக்கும். ஹவேலிகளில் தரைத்தள அறைகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும் என்பதால் அவற்றை முதலில் பிடித்துவிட்டு, விமானச் சீட்டைப் பிறகு எடுங்கள். திருத்திய திட்டம் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், ஊர் ஊராகப் பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்.