நூறு வாங்கியவன் கடைசியில் ஏன்?



ஜாவா மொழியில் எண்களை வரிசைப்படுத்துவது சுலபம். 45, 12, 78 என்று கொடுத்தால் 12, 45, 78 என்று அடுக்கித் தந்துவிடும். ஆனால் ஒரு வகுப்பு மாணவர்களை ஆப்ஜெக்ட்டுகளாக வைத்து, ‘இவர்களை வரிசைப்படுத்து’ என்றால்? பெயரை வைத்தா, பதிவெண்ணை வைத்தா, மதிப்பெண்ணை வைத்தா? அதை நாம்தான் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் ஆண்டில், முதல் ஐந்து பேருக்குப் புத்தகப் பரிசு என்று அறிவித்தார்கள். பட்டியல் போடும் புரோகிராம் என் பொறுப்பு. தேர்வுக்கு வராதவர்களுக்கு ஒரு கோடு போட வேண்டியிருந்ததால், மதிப்பெண்ணை எண்ணாக வைக்காமல் ஸ்ட்ரிங்காக வைத்துவிட்டேன். ஐந்து பெயர்களும் நோட்டீஸ் போர்டில் ஏறின. மாலையில் லேப் சார் கூப்பிட்டார். “ஏம்பா, நூறு வாங்குனவன் பேரையே காணோமே?”

முழுப் பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். தேர்வுக்கே வராதவர்களுக்கு ஒரு படி மேலே அவன் பெயர்! ஸ்ட்ரிங்கை ஜாவா முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். ‘98’-இன் 9 பெரியது, ‘100’-இன் 1 சிறியது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஹாஸ்டலில் அவனிடம் சொன்னபோது, “மார்க்கைக் குறைச்சுட்டாங்களோன்னு நெனச்சேன்டா. யார்கிட்ட போய் கேக்குறதுன்னு தெரியல” என்றான். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி பாடத்துக்கு வருவோம். ஒப்பிட இரண்டு வழிகள். ஒன்று கம்பேரபிள்: வகுப்புக்குள்ளேயே அதன் இயல்பான வரிசையை எழுதிவைப்பது. மாணவருக்குப் பதிவெண் பொருத்தம். மற்றது கம்பேரேட்டர்: வெளியிலிருந்து தருவது, எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டும் 1998-இல் ஜாவா 1.2-உடன் வந்தவை. முதலாவது சிறியதானால் எதிர்மம், சமமானால் பூஜ்யம், பெரியதானால் நேர்மம். இந்த விடை ஒன்றை வைத்தே வரிசை அமைகிறது.

கவனிக்க வேண்டியவை நான்கு:

1. எண்ணை எண்ணாகவே வையுங்கள். வராதவருக்கு மதிப்பெண்ணை ‘நல்’ என்று விட்டு, ‘நல்ஸ் லாஸ்ட்’ மூலம் கடைசிக்கு அனுப்புங்கள்.

2. ஒப்பிடுவதற்குக் கழித்தல் போடாதீர்கள். இன்ட்டின் உச்சம் 2,147,483,647. விடை அதைத் தாண்டினால் குறி மாறிவிடும். ‘இன்டீஜர் கம்பேர்’ இருக்கிறது.

3. இருவர் ஒரே மதிப்பெண் என்றால்? ஜாவாவின் லிஸ்ட் வரிசையாக்கம் சமமானவர்களை முன்பிருந்த ஒழுங்கிலேயே விடும். அடுத்து எதைப் பார்ப்பது என்பதை ‘தென் கம்பேரிங்’ கொண்டு சொல்லிவிடுங்கள். இந்த வசதி 2014-இல் ஜாவா 8-உடன் வந்தது.

4. அ-வை விட ஆ பெரிது, ஆ-வை விட இ பெரிது என்றால், அ-வை விட இ பெரிதாகத்தான் இருக்க வேண்டும். இதை மீறினால், 2011-இல் வந்த ஜாவா 7 முதல், ஓடும்போதே பிழை காட்டி நின்றுவிடக்கூடும். நிற்காமல் தவறான வரிசையைத் தந்துவிட்டால் அது இன்னும் மோசம்.

மறுநாள் திருத்திய பட்டியல் ஒட்டினோம். அவனுக்குப் புத்தகமும் கிடைத்தது. அன்று முதல் எந்தப் பட்டியலானாலும் 9, 98, 100, வராதவர் ஒருவர், சமமான இருவர் என்று போட்டுப் பார்க்காமல் நான் வெளியே விடுவதில்லை.

நீங்களும் செய்து பாருங்கள், நண்பர்களே!