திரை இருண்டால் கழிவாகுமா?

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. 2001இல் தொடங்கி 2017இல் 'கைட்' நிறுவனமாக உருப்பெற்ற ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், கேரளப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் பரப்பியது. ஆய்வகத்தில் பழைய திரவப் படிகத் திரை இருண்டதும் அதனைக் கழிவுப் பட்டியலில் சேர்ப்பது எளிது. ஆயினும் பழுது பெரும்பாலும் பின்னொளியில்தான் இருக்கும்.

இதனை அறியக் கைவிளக்கு ஒன்றே போதும். கணிப்பொறியை இயக்கி, இருட்டறையில் திரைமீது ஒளியைச் சாய்வாகப் பாய்ச்ச வேண்டும். உருவங்கள் மங்கலாகத் தெரிந்தால் படிகப் பலகை நலமாகவே உள்ளது. ஒளி ஓரிரு நொடி தோன்றி அணைந்தால், பின்புறக் குழல்விளக்கையோ, அதற்கு உயர் மின்னழுத்தம் வழங்கும் இன்வெர்ட்டரையோ ஐயுறலாம். தொடக்க ஒளி செந்நிறமாயின் விளக்கு தேய்ந்திருக்கக்கூடும்.

எனினும் மின்வழங்கிப் பலகையின் மின்தேக்கிகளையே முதலில் பார்ப்பது நன்று. தலை உப்பியிருந்தால், அதே கொள்ளளவும் குறையாத மின்னழுத்தத் தகுதியும் 105 பாகை செல்சியஸ் வெப்பம் தாங்கும் திறனும் உடைய ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். மலையிலிருந்து நகரக் கடைக்குத் திரையைச் சுமந்து செல்லும் பேருந்துக் கட்டணமே இதன் விலையை மிஞ்சும்!

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பயிற்சி பெற்றவர் மின்னிறக்கம் செய்யுமுன் மாணவர் தொடலாகாது. குழல்விளக்கில் பாதரசம் உண்டு. அது உடையாமல், 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரைச் சென்றடைதல் வேண்டும்.