பாதி பொமரேனியன், பாதி நாட்டுநாய்

கேள்வி: எங்கள் குட்டி, பொமரேனியனுக்கும் நாட்டுநாய்க்கும் பிறந்தது. வெயிலில் மூச்சிரைக்கிறது. முடியை மழித்துவிடலாமா? – வாசகி, உடையார்பாளையம்

மழிக்காதீர்கள். அந்த இரண்டடுக்கு முடிதான் வெயில் தோலைச் சுடாமல் காக்கிறது. மழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். தினமும் சீவி உதிர்முடியை எடுங்கள். காற்றுப் படும், உண்ணியும் கண்ணில் சிக்கும். நம் ஊர் ‘பொமரேனியன்’ பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான், வெப்பத்துக்குப் பழகிய இனம். ஆனாலும் சித்திரை சித்திரைதான். விடிந்ததும் நடக்க விடுங்கள், அல்லது தார்ச்சாலை ஆறிய பிறகு. நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

வெறும் தயிர்ச்சோறு போதாது. அவித்த முட்டை, எலும்பில்லாத கோழி சேருங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் வேண்டாம். மூன்று மாதமானதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். குரைப்பை நிறுத்த மட்டும் வழி கேட்காதீர்கள். அது தாய்வழியிலும் தந்தைவழியிலும் வந்த சொத்து!