காகிதக் கூழில் ஆட்டுக்குட்டிகள்



டிசம்பர் மாதம் பிறந்ததும் நம் பள்ளி முகப்பில் கிறிஸ்து பிறப்புக் குடில் எழும்புவதை நாம் எல்லோரும் ஆவலோடு பார்த்திருப்போம். அந்தக் குடிலில் இருந்த சுண்ண ஆட்டுக்குட்டிகள் ஆண்டுக்கு ஒன்றாகக் கால் ஒடிந்தும் காது உடைந்தும் போய், இம்முறை ஒன்றுகூட மிஞ்சவில்லை. புதியவை வாங்க எங்கள் வகுப்பில் பணம் சேர்த்தோம். பிறகு, அந்தப் பணத்தை விழாவுக்குப் புத்தாடை இல்லாத சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானித்தோம். "அப்படியானால் ஆடுகளுக்கு என்ன செய்வீர்கள்?" என்று தலைமைச் சகோதரி கேட்டார்கள். "நாங்களே காகிதக் கூழில் செய்துவிடுவோம், சிஸ்டர்" என்றோம். சொல்வது எளிதாகத்தான் இருந்தது! செய்யும்போது நாங்கள் கற்ற பாடத்தையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் குடிலின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1223ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டி ஒன்றை அமைத்து, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் அருகே நிறுத்திக் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடினார். இயேசு பாலன் எவ்வளவு எளிமையில் பிறந்தார் என்பதை ஊர் மக்கள் கண்ணால் காணவேண்டும் என்பதே அவர் விருப்பம். மரத்திலும் மண்ணிலும் செய்த உருவங்களைக் குடிலில் வைக்கும் வழக்கம் பின்னாளில் பரவியது. தென் இத்தாலியில் லெச்சே என்னும் நகரம் காகிதத்தாலேயே புனிதர்களின் சொரூபங்களைச் செய்வதில் பேர் பெற்றது. பளிங்கைவிடக் காகிதம் மலிவு. பவனியில் தோளில் சுமக்கவும் இலகு.

நம் நாட்டிலும் இக்கலை உண்டு. காஷ்மீரத்துக் கைவினைஞர்கள் காகிதக் கூழில் பெட்டிகளும் கிண்ணங்களும் செய்து பூவேலை தீட்டுகிறார்கள். கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கவிடும் வண்ணப் பந்துகளையும் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளிலும் காகிதக் கூழ் பயன்படுகிறது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு நாங்கள் பெருமையோடு வேலையைத் தொடங்கினோம். செய்தித்தாளை ஊறவைத்துப் பிசைந்து, மைதாப் பசை சேர்த்து, ஐந்து ஆட்டுக்குட்டிகளை ஒரே நாளில் செய்து முடித்தோம். கூழை இரண்டு விரல் கனத்துக்கு அப்பியிருந்தோம். வெளியே அடைமழை. நனைந்துவிடுமே என்று அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். நான்காம் நாள் திறந்து பார்த்தால், ஐயோ! ஆடுகளின் மேல் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. நாற்றம் தாங்கவில்லை. சிலர் அழுதே விட்டோம். விழாவுக்குப் பதினைந்து நாட்களே இருந்தன. வீட்டில் மறுபடியும் பணம் கேட்கலாமா என்றுகூட யோசித்தோம்.

அப்போது வகுப்பைப் பெருக்க வந்த எங்கள் ஆயாவிடம், "இவற்றைக் குப்பையில் போட்டுவிடுங்கள், ஆயா" என்றோம். ஆயா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். "முறத்துக்குப் பூசுற கூழுதானே இது? வெந்தயம் போடலியா பிள்ளைங்களா? இவ்வளவு தடியாவா பூசுவாங்க?" என்றார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முறத்தின் ஓட்டைகள் அடைபடக் காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்துப் பூசுவதை நாங்களும் பாட்டி வீட்டில் பார்த்தவர்கள்தாம். ஆனால் அதுவும் இதுவும் ஒரே கலை என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்று முதல் ஆயாதான் எங்கள் ஆசிரியை. அவர்கள் கற்றுத்தந்த முறை இதோ:

1. கூழ்: பத்துச் செய்தித்தாள்களைக் கட்டைவிரல் அளவு துண்டுகளாகக் கிழித்து, ஓர் இரவு முழுவதும் நீரில் ஊறவைக்கவும். மறுநாள் அரைமணி நேரம் வேகவைத்து, ஆறியதும் ஆட்டுக்கல்லில் அரைத்து, துணியில் இட்டுப் பிழியவும்.

2. வெந்தயம்: ஒரு கைப்பிடி வெந்தயத்தையும் முதல் நாள் இரவே ஊறவைத்து, மைபோல் அரைத்துக் கூழுடன் பிசையவும். வெந்தயத்தில் இயற்கையாகவே கொழகொழப்பான பசை இருப்பதால் கூழ் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

3. பசை: ஒரு கிண்ணம் மைதாவை முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மேலும் நான்கு கிண்ணம் நீர் சேர்த்து, சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டவும்.

4. உடல்: உலர்ந்த காகிதத்தைக் கசக்கி உருட்டிச் சணலால் இறுகக் கட்டவும். தலைக்குச் சிறிய உருண்டை, கால்களுக்குக் காகிதம் சுற்றிய மூங்கில் குச்சிகள், காதுகளுக்கு அட்டை. இதன்மேல் காகிதப் பட்டைகளைப் பசையில் தோய்த்து மூன்று சுற்று ஒட்டவும். ஒரு சுற்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததை ஒட்டவேண்டும்.

5. மேற்பூச்சு: கூழை ஒரு நெல் கனத்துக்கு மேல் போகாமல் பூசிக் காயவிடவும். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி விட்டால் ஆட்டின் சுருள் மயிர் வந்துவிடும்.

6. வண்ணம்: முழுதும் காய்ந்தபின் கால்களையும் முகத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை வண்ணம் இருமுறை பூசவும். கண்ணுக்கும் குளம்புக்கும் கறுப்பு.

முதல் முயற்சி ஏன் கெட்டது என்பதை எங்கள் அறிவியல் ஆசிரியை விளக்கினார்கள். காகிதம் என்பது மரம், செடிகளின் நார். நீரில் ஊறினால் நார்கள் பிரிகின்றன. காயும்போது ஒன்றோடொன்று பின்னி இறுகுகின்றன. கனமாகப் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே ஈரம் தங்கிவிடும். ஈரமும் மாவும் சேர்ந்த இடம் பூஞ்சணத்துக்கு நல்ல விருந்து. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால்தான் கிடைக்கிறது. ஆகையால் கிறிஸ்மஸ் வேலையை இங்கே மழையோடு போட்டியிட்டுத்தான் செய்யவேண்டும். காற்று புகாத அலமாரி ஆகவே ஆகாது. விடுதிச் சமையலறையில் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, கயிற்றுக் கட்டிலின் மேல் ஆடுகளை வைத்தோம். காலையும் மாலையும் முறைவைத்துத் திருப்பிவிட்டோம். அடுப்பருகே மிக நெருங்கி வைத்த ஒன்று மட்டும் வெடித்துவிட்டது. அதற்கு மறுபடியும் கூழ் பூசினோம்.

பதினான்காம் நாள் ஐந்து ஆட்டுக்குட்டிகளும் தயாராயின. தட்டிப் பார்த்தால் மரத்தைத் தட்டுவதுபோல் ஓசை வந்தது. ஒன்றுக்குக் காது கோணல். இன்னொன்றுக்குக் கால் சற்றுக் குட்டை. இருந்தாலும் எங்கள் கண்ணுக்கு அவை அழகாகவே தெரிந்தன.

டிசம்பர் 24ஆம் தேதி மாலை, முதல் ஆட்டுக்குட்டியை நீங்களே குடிலில் வையுங்கள் என்று ஆயாவைக் கேட்டுக்கொண்டோம். "நானா? சிஸ்டர் வைக்கட்டும்மா" என்று பின்வாங்கினார்கள். தலைமைச் சகோதரி புன்னகையோடு வழிவிட்டு நின்றார்கள். ஆயா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கோணல் காது ஆட்டை எடுத்து இயேசு பாலன் அருகிலேயே வைத்தார்கள். புத்தாடை அணிந்த சிறு பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து நாள்தோறும் நாங்கள் ஆயாவைப் பார்த்து வந்திருக்கிறோம். ஒருநாளும் அவர்களிடம் எதையும் கேட்டறிந்ததில்லை. லெச்சே நகரத்துக் கலையைப் புத்தகத்தில் தேடிய நாங்கள், வகுப்பறை வாசலில் நின்ற கலையைக் காணவில்லை. பெத்லகேமில் நற்செய்தியை முதலில் கேட்டவர்கள் வயல்வெளியில் காவல் காத்த இடையர்கள் அல்லவா?

தோழியரே, வரும் கிறிஸ்மசுக்கு நீங்களும் ஒரு சிற்றுருவம் செய்து பாருங்கள். நவம்பரிலேயே தொடங்குங்கள், மெல்லியதாகப் பூசுங்கள், பொறுமையாகக் காயவிடுங்கள். அதற்குமுன் உங்கள் வீட்டுப் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி,
'அ' பிரிவு