மூத்த மென்பொருட் பொறியாளர் நேர்முகத் தேர்வு

நமது கலாசாலையிற் கல்வி முற்றி வெளியேறிய மாணாக்கருள் அநேகர் இந்நாளில் மென்பொருள் இயற்றுந் தொழிலை மேற்கொண்டிருக்கின்றனர். அவர்களுள் ஏழெட்டு ஆண்டுகள் உழைத்துத் தேர்ந்தோர், ‘மூத்த பொறியாளர்’ என்னும் உயர்பதவியை நாடி நேர்முகத் தேர்வுக்குச் செல்லுங்கால், முதல் உத்தியோகந் தேடிய நாளில் எவ்வாறு ஆயத்தஞ் செய்தனரோ அவ்வாறே இப்பொழுதுஞ் செய்து, பலர் தோல்வியுறுகின்றனர். அஃது ஏன் என்பதையும், செய்யத்தக்க ஆயத்தம் யாது என்பதையும் சுருங்க உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1997-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக அமைந்த திருவள்ளூர்ப் பகுதியினர்க்கு இப்பொருள் இப்பொழுது மிக அணித்தாயிற்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் என்றவுடன் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளுமே நம் நினைவுக்கு வரும். மென்பொருள் வேலையோ, 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது முதல், சென்னைக்குத் தெற்கே சென்று தேடவேண்டிய ஒன்றாகவே நெடுநாள் கருதப்பட்டது. 2024 நவம்பர் 22-ஆம் நாள் ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 21 மாடிகளையுடைய டைடல் பூங்கா திறக்கப்பட்டதனால், அவ்வேலை திருவள்ளூர் இருப்புப்பாதை ஓரத்திற்கே வந்துவிட்டது. ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மூத்த பதவிகளுக்குப் போட்டியிடுங் காலம் இது. ஆதலின், தகுதியிருந்தும் ஆயத்தமின்மையால் அவர்கள் பின்னடைதல் கூடாது.

இத்தேர்வு பெரும்பாலும் மூன்று பகுதிகளை உடையது. நிரல் எழுதிக் காட்டுதல் ஒன்று. ஒரு பெரிய அமைப்பை வரைந்து விளக்குதல் ஒன்று. முன்னர்ச் செய்த வேலையைப் பற்றி உரையாடுதல் ஒன்று. இளையோரை நோக்கி, ‘இதனைச் செய்ய வல்லீரோ?’ என வினவுவர். மூத்தோரை நோக்கி, ‘செய்யத்தக்கது எது, விடத்தக்கது எது என எவ்வாறு துணிவீர்? துணிந்தது பிழைபட்டால் யாது செய்வீர்?’ என வினவுவர். முன்னது திறமைக்குப் பரீட்சை. பின்னது பொறுப்புக்குப் பரீட்சை. இவ்வேறுபாட்டை உணராமையே பலருடைய தோல்விக்குக் காரணம்.

இதற்கு யானே கண்ட சான்று ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் தேர்வுக் குழுவில் யானும் ஓர் உறுப்பினனாக அமர்ந்திருந்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அவர் தந்தையார் கம்பி உருட்டும் ஆலையொன்றில் வேலை செய்தவர். நிரல் எழுதுவதில் அவருக்கு நிகராக அன்று வந்தவர் ஒருவருமிலர். ‘உம்முடைய வேலையில் நேர்ந்த பிழை ஒன்றைக் கூறும்’ என்றோம். ‘அப்படி ஒன்றும் நேரவில்லை, ஐயா’ என்றார். வேறு எவ்விதம் கேட்பினும் ‘நாங்கள் செய்தோம்’ என்றாரேயன்றித் தாம் செய்தது இன்னதென்று கூறவில்லை. அவரை நாங்கள் தெரிந்தெடுக்கவில்லை. வெளியே வந்தபின் படிக்கட்டருகே என்னிடம் அவர் மெல்லக் கூறியதாவது: ‘ஐயா, ஓர் இரவு நான் செய்த மாற்றத்தால் ஆலையொன்றின் சரக்கு அனுப்பும் வேலை மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. விடியுமட்டும் இருந்து சரிசெய்தேன். மறுபடியும் அது நேராதபடி ஒரு சோதனைமுறையும் அமைத்தேன். அதைச் சொன்னால் வேலை கிடையாது என்று அஞ்சினேன்.’ எதைச் சொன்னால் வேலை கிடைத்திருக்குமோ அதனையே அவர் மறைத்துவிட்டார்.

பிழையை ஒப்புக்கொள்ளுதல் சிறுமையன்று என்பதற்குக் கும்மிடிப்பூண்டிக்கு அண்மையிலேயே பெரிய எடுத்துக்காட்டு உளது. அதே இருப்புப்பாதையில் மேலுஞ் சென்றால் சூலூர்ப்பேட்டை. அதற்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா. அங்கே 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் முதன்முறை ஏவப்பட்டது. திட்டத்தின் தலைவர் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் பழைய மாணவராகிய அப்துல் கலாம். ஏவுதற்குச் சற்று முன்னர்க் கணினி தடை காட்டியதையும், வல்லுநர் கருத்தைக் கேட்டுத் தாம் அத்தடையைக் கடந்து ஏவ முடிவு செய்ததையும் அவரே பின்னாளிற் பல கூட்டங்களில் எடுத்துரைத்திருக்கின்றார். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாடு கெட்டுக் கலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. அன்று பத்திரிகையாளர் முன் தோன்றித் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ஆம் நாள் அவ்வேவுகலம் ரோகிணி துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தபொழுதோ, அவர் கலாமையே பேசுமாறு முன்னிறுத்தினார். மூத்தவர் என்பதன் பொருள் இவ்வரலாற்றில் அடங்கியிருக்கின்றது. தவற்றை மறைத்தவர் எவருமிலர். அதனை ஆராய்ந்து திருத்தியமையாலேயே மறு ஆண்டு வெற்றி கிட்டிற்று.

ஆகவே ஆயத்தத்தின் முதற்படி, தன் வேலையைத் தான் அறிதல். தேர்வுக்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே ஒரு குறிப்பேடு எடுத்துத் தாம் செய்த வேலைகளுள் ஐந்தினைத் தெரிந்து, ஒவ்வொன்றிற்கும் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதுக: இடர்ப்பாடு யாது? இருந்த வழிகள் எவை? யான் தெரிந்த வழி எது, ஏன்? விளைவு யாது? மறுபடியுஞ் செய்ய நேர்ந்தால் எதனை மாற்றுவேன்? இவ்வைந்தில் ஒன்றேனும் தோல்வியைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். ‘நாங்கள்’ என்பதையும் ‘நான்’ என்பதையும் உண்மைக்கேற்பப் பிரித்து எழுதுக. பிறர் உழைப்பைத் தமதென்று கூறுவோர் இரண்டாவது வினாவிலேயே அகப்படுவர்.

இரண்டாவது, அமைப்பு வரையும் பயிற்சி. ஓர் உதாரணம் கொள்வோம். உருக்காலை ஒன்றில் 200 உணர்கருவிகள் வினாடிக்கு ஒருமுறை வெப்பநிலையை அறிவிக்கின்றன. அவற்றைச் சேமிக்க ஓர் அமைப்பு வேண்டும் என்பது வினா. அநேகர் உடனே பத்துக் கணினிகளை வரைந்து அம்புக்குறிகளால் இணைக்கத் தொடங்குவர். ஆழம் அறியாமல் காலை விடலாகாது. முதலிற் கணக்கிடுக. ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். ஆகவே 1,72,80,000 அளவீடுகள். ஒன்றுக்கு 50 பைட் எனின் நாளொன்றுக்கு 86 கோடியே 40 இலட்சம் பைட். ஆண்டு முழுமைக்கும் ஏறக்குறைய 315 ஜிகாபைட். இதனைத் தாங்க ஒரு நல்ல கணினியும் அதற்கொரு மாற்றுப் பிரதியும் போதும் என்று துணிந்து கூறுபவரே மூத்தவர். அதன்பின் அவர் கேட்கவேண்டியவை வேறு: ஆலையில் இணையத் தொடர்பு அறுந்தால் அளவீடுகள் எங்கே தங்கும்? தொடர்பு மீண்டபின் ஒரே அளவீடு இருமுறை வந்தால் எவ்வாறு அறிவது? உலை மிகச் சூடேறினால் எத்தனை வினாடிக்குள் எவருக்கு அறிவித்தல் வேண்டும்? ஆலையிலேயே தற்காலிகமாகச் சேமித்துப் பின்னர் அனுப்புதல், அளவீடு ஒவ்வொன்றுக்கும் தனி எண் இட்டு இரட்டிப்பை நீக்குதல், அபாய அறிவிப்பை இணையத்தை நம்பாமல் ஆலைக்குள்ளேயே அமைத்தல் என்பன தக்க விடைகளாம்.

மூன்றாவது, பிறர் பிழைகளைக் கற்றல். 2012 ஆகஸ்டு 1-ஆம் நாள் அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்னும் பங்கு வணிக நிறுவனத்தில், எட்டுக் கணினிகளுள் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் விடுபட்டது. அதிற் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, ஏறக்குறைய 45 நிமிடத்தில் நாற்பது கோடி டாலருக்கு மேற்பட்ட நட்டத்தை விளைவித்தது. ‘எட்டிலும் ஏறிற்றா என எவர் சரிபார்ப்பார்? பிழை கண்டால் எவ்வாறு உடனே நிறுத்துவீர்?’ என்னும் வினாக்கள் இத்தகைய அனுபவத்திற் பிறந்தவையே.

நிரல் எழுதும் பயிற்சியையும் கைவிடலாகாது. அகரவரிசையில் அடுக்கிய பத்து இலட்சம் பெயர்களுள் ஒன்றை, நடுவிற் பகுத்துப் பகுத்துத் தேடினால் 20 ஒப்பீடுகளுக்குள் கண்டுவிடலாம். ஒவ்வொன்றாகத் தேடினால் பத்து இலட்சமும் பார்க்க நேரிடலாம். இத்தகைய அடிப்படைகளை நாள்தோறும் ஒரு மணி நேரம் எழுதிப் பழகுதல் போதும். எழுதும்பொழுது வாய்விட்டுச் சொல்லிப் பழகுதலும் அவசியம். தேர்வாளர் அறிய விரும்புவது விடையை மட்டுமன்று, விடைக்குச் சென்ற வழியையுமாம்.

ஆங்கிலத்திற் பேச அஞ்சுவோர் நம்மிற் பலர். அவர்கள் குறிப்பேட்டில் எழுதியதை முதலில் தமிழிலே ஒரு நண்பருக்குத் தெளிவாக விளக்குக. தமிழில் தெளியாதது ஆங்கிலத்திலுந் தெளியாது. தமிழில் தெளிந்தது சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில் தானே வரும். தெரியாததைத் தெரியாதென்று கூறி, எவ்வாறு அறிந்துகொள்வேன் என்பதையுஞ் சேர்த்துக் கூறுக. இறுதியில் தேர்வாளர் ‘நீர் கேட்க விரும்புவது உண்டோ?’ என்னும்பொழுது வாளா இருத்தல் வேண்டா. ‘இரவில் அமைப்பு நின்றுபோனால் எழுப்பப்படுபவர் யார்? பிழை நேர்ந்தபின் எவ்வாறு ஆராய்கின்றீர்கள்?’ எனக் கேட்க. அவ்விடையால் அவ்விடத்தின் தன்மை விளங்கும். பிழை செய்தவரைப் பழிக்கும் இடமாயின், அதனைத் தாமே மறுத்துவிடலாம்.

அந்தக் கும்மிடிப்பூண்டி இளைஞரை நினைக்குந்தோறும் எனக்கு வருத்தம் உண்டாவதுண்டு. அவர் மறைத்தது அவர் பிழையாயின், அச்சந் தெளியும்படி கேளாமை எம் பிழை. அன்று முதல், தேர்வுக்கு வருவோரிடம் என் பிழையொன்றை முதலிற் கூறிவிட்டே அவர்தம் பிழையைக் கேட்கின்றேன். நம் மாணாக்கர் எல்லாத் தேர்வாளரும் அவ்வாறு கேட்பர் என எதிர்பார்த்தல் இயலாது. ஆதலின் கேளாமுன்னரே சொல்லுந் துணிவைத் தாமே வீட்டிலிருந்து கொண்டுசெல்வாராக.