சமையல் வாயுவுக்கு நாற்றம் வந்த கதை

கேள்வி: கேஸ் கசிந்தால் வீசும் வாடை அந்த வாயுவுக்கே உரியதா? இல்லையென்றால் அதைச் சேர்க்கும் வழக்கம் எப்படி வந்தது?

பதில்: வீட்டு சிலிண்டரில் இருக்கும் புரோப்பேன், பியூட்டேன் இரண்டுக்கும் நிறம் கிடையாது, சொல்லும்படியான மணமும் கிடையாது. அழுகிய முட்டைக்கோஸ் போல மூக்கைத் துளைக்கும் நாற்றம், வேண்டுமென்றே கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தினுடையது. நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும்.

எரிவாயுவில் நாற்றம் கலக்கும் யோசனை ஜெர்மனியில் 1880-களிலேயே செயலுக்கு வந்துவிட்டது. ஆனால் அதைச் சட்டமாக்கியது ஒரு பள்ளிக்கூடத்தின் அழிவு.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற எண்ணெய் வட்டாரத்து ஊர். எண்ணெய்ப் பணத்தில் எழுந்த அதன் பள்ளிக்கூடம், 1937-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் செலவை மிச்சப்படுத்த, காசு கொடுத்து வாங்கிய வாயுவை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கிணறுகளில் கழிவாக மிஞ்சிய வாயுவைக் குழாய் வழியே இழுத்துக்கொண்டது. அது கசிந்து கட்டடத்தின் அடித்தளத்தில் தேங்கியது. மாணவர்கள் தலைவலி என்றார்கள். வாடை இல்லாததால் யாருக்கும் காரணம் புரியவில்லை. மார்ச் 18 பிற்பகல், பள்ளி விடும் நேரம். தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் மரத்தை இழைக்கும் மின் எந்திரத்தை இயக்கினார். அதில் எழுந்த பொறி கட்டடத்தையே தூக்கி வீழ்த்தியது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் குழந்தைகள். சில வாரங்களுக்குள் டெக்சாஸ் அரசு வாயுவில் நாற்றம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. மற்ற மாநிலங்களும் நாடுகளும் பின்தொடர்ந்தன.

அழுகும் பிணத்திலிருந்தும் இதே எத்தில் மெர்காப்டன் வெளிப்படுகிறது. அதனால் கலிபோர்னியாவில் வாயுக் குழாய் கசிந்த இடங்களுக்கு மேலே ஒருவகைக் கழுகுகள் இரை என்று நம்பி வட்டமிட்டன. பழுதைத் தேடிய பொறியாளர்களுக்கு அவையே வழிகாட்டின.

இந்த வாடை எவ்வளவு சீக்கிரம் எச்சரிக்கிறது என்பதுதான் முக்கியம். சமையல் வாயு காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். அதில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே வாடை தெரிந்துவிடும்படி மெர்காப்டன் கலக்கப்படுகிறது. அந்த இடைவெளிதான் குடும்பத்துக்குக் கிடைக்கும் அவகாசம். அதையும் முழுக்க நம்பிவிட முடியாது: சளி பிடித்தவருக்கும் வயதானவருக்கும் வாடை எட்டாமல் போகலாம், அதிலேயே சிறிது நேரம் இருந்தால் மூக்கு பழகி மரத்துப்போகும். ஆகவே வாடை குறைந்ததுபோல் தோன்றினாலும் கசிவு நின்றதாக அர்த்தமில்லை. படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுவது இதனால்தான் அவசியம்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவி, மேடைக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் படியும். எனவே வாடை வந்தால் ஜன்னலோடு கதவையும் அகலத் திறக்க வேண்டும். எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனும் அதில் சேர்த்தி. நியூ லண்டனில் நடந்ததும் ஒரு சுவிட்சின் வேலைதான். ரெகுலேட்டரை மூடிவிட்டு எல்லோரும் வெளியேறிவிட வேண்டும்.

நம் வீடுகளில் பலர் கவனிக்கத் தவறுவது வெளியேறும் வழியைத்தான். இரவில் கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியை எங்கோ வைக்கும் பழக்கம் ஆபத்தானது. இருட்டிலும் கைக்கு எட்டும் ஒரே இடத்தில் அது தொங்கட்டும். குழந்தைகளுக்கும் அந்த இடம் தெரியட்டும். முதியவரை யார் அழைத்து வருவது, தெருவில் எங்கே கூடுவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

செல்பேசியை வெளியே வந்த பிறகே எடுக்க வேண்டும். எரிவாயுக் கசிவைத் தெரிவிக்க 24 மணி நேரமும் இயங்கும் எண் 1906. தீயே பிடித்துவிட்டால் 101.